சோதனை நிலையிலுள்ள மென்பொருளும் வெளியார் துணையும்

மலைச்சாரலிற் சாமை விதைக்கும் அறிவுடைய உழவன், புதிய வித்தொன்று கைக்கு வந்தவுடனே தன் காடு முழுவதையும் அதற்கு ஒப்புவித்துவிடான். ஓரத்தில் ஒரு பாத்தியளவு விதைப்பான். அண்டைக் காட்டாருக்கும் ஒரு பிடி கொடுத்து, அவர் மண்ணில் அது எங்ஙனம் விளைந்ததென்று கேட்டறிவான். கல்வராயன் மலையடியில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும் இம்முறையையே கட்டற்ற மென்பொருள் ஆக்குவோரும் கைக்கொள்ளுகின்றனர்.

கட்டற்ற மென்பொருளாவது, தன் மூலநிரலை யாவரும் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பது. அதிற் புதிதாய்ச் சேர்க்கும் ஓர் அம்சம் ஆக்கியோன் கணினியிற் பழுதின்றி இயங்கினும், பிறர் கணினியிலும் பிற மொழியிலும் அவ்வாறே இயங்குமென்பது நிச்சயமன்று. ஆதலின் அது முற்றுப்பெறுமுன்னரே வெளியார்க்குக் காட்டப்படுகின்றது.

உதாரணங்கள் சில காட்டுவாம். 1993 இல் தோன்றிய டெபியனிற் புதிய பொதிகள் முதலில் ‘நிலையற்றது’ என்னும் பகுதியிற் சேரும், பெரும்பிழை காணப்படாதாயின் சில நாட்களிற் ‘சோதனை’ப் பகுதிக்குச் செல்லும், அங்குப் பண்பட்ட பின்னரே ‘நிலையானது’ என வெளிவரும். லினக்ஸ் கருவிலோ, அடுத்த பதிப்புக்குரிய மாற்றங்கள் 2008 முதல் ‘லினக்ஸ்-நெக்ஸ்ட்’ என்னும் தொகுப்பில் ஒருங்கே சேர்த்துச் சோதிக்கப்படுகின்றன. ரஸ்ட் மொழியில், இரவுதோறும் வெளிவரும் பதிப்பைக் கொண்டு, வேண்டிய அம்சத்தின் பெயரையும் நிரலில் எழுதினாலன்றிச் சோதனை அம்சம் இயங்காது. அறியாமல் ஒருவரும் அதில் அகப்படாதபடி செய்த ஏற்பாடு இது.

இவற்றிற்கெல்லாம் பொதுவாயுள்ளவை மூன்று: சோதனைக்கெனத் தனியிடம், ‘இது மாறக்கூடும்’ என்னும் எச்சரிக்கை, குறை கூறுதற்குத் திறந்த வாயில்.

அவ்வாயிலில் நாம் நிற்பதனாற் பயன் யாதெனின், கூறுதும். ‘கெ’ என்னுமெழுத்திற் கொம்பு முன்னே தோன்றினும், கணினி அதனைக் ககரத்தின் பின்னரே சேமித்து வைக்கின்றது. காட்டும்பொழுது வரிசை பிறழுமாயின், தமிழ் கல்லாதான் அதனைப் பிழையென்று உணரான். 1991 இல் யூனிக்கோட்டின் முதற்பதிப்பிலே தமிழ் இடம்பெற்றது. அவ்வமைப்பிற் குறை கண்டோர் பின்னர் மாற்று முறை வகுத்தனர்; தமிழ்நாட்டரசும் 2010 இல் யூனிக்கோட்டோடு ‘டேஸ்-16’ என்னும் அம்முறையையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஒருகால் இடங்கொண்ட எழுத்தை யூனிக்கோடு இடம்பெயர்ப்பதில்லை, முதலமைப்பே நிலைத்தது. ஈரமண்ணிற் பதிந்த சுவடு காய்ந்தபின் அழியாதன்றோ?

எனவே, நம் மாணாக்கர் காலத்தே சென்று சேர்தல் வேண்டும். 2019 இற் கள்ளக்குறிச்சி எம்மாவட்டத்தினின்று பிரிந்ததோ, அவ்விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழுவொன்று இத்துறையை மாணவர்க்குக் கற்பிக்கின்றது. தொடங்குவோர் பெருநிரல் எழுதவேண்டுவதில்லை. எப்பதிப்பு, என்ன செய்தோம், யாது எதிர்பார்த்தோம், யாது நிகழ்ந்தது என்னும் நான்கையும் தெளிவாய் எழுதியனுப்புதலே முதற்றொண்டு. பழுதுற்றாலும் இழப்பு நேராத கணினியிலேயே இதனைச் செய்க. அண்டைக் காட்டான் உண்மை உரைத்தாலன்றோ உழவன் நல்வித்தைத் தெரிந்துகொள்வான்!