ஈசினோபில் கூடியிருக்கிறது என்றால்…

தொடர்ந்து தும்மல், இரவில் இருமல், கொஞ்சம் இழுப்பு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈசினோபில் 8 சதவீதம். அன்றிலிருந்து அவர் ‘ஈசினோபிலியா’காரர். வீட்டில் தயிர் நிற்கிறது, வாழைப்பழம் நிற்கிறது, தலைக்குக் குளிக்கவும் தடை. பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை மருந்துக் கடையில் வருடக்கணக்கில் வாங்குகிறவர்களும் உண்டு.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது, ஈசினோபிலியா ஒரு நோய் என்ற நம்பிக்கை. அது நோயல்ல. 1879இல் பால் எர்லிக் சாயமேற்றி அடையாளம் கண்ட ஒருவகை வெள்ளணு ரத்தத்தில் கூடியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் கூடியது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் அந்த 8 சதவீதத்தைப் பார்ப்போம். பெரியவர்களுக்கு 6 சதவீதம் வரை இயல்பு என்று பல ஆய்வகங்கள் அச்சிடுகின்றன. ஆனால் சதவீதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. மொத்த வெள்ளணுக்கள் 5,000 என்றால் அதில் 8 சதவீதம் வெறும் 400, இது இயல்பு. மொத்தம் 11,000 உள்ளவருக்கு 6 சதவீதம் என்றாலும் 660, இது அதிகம். பார்க்க வேண்டியது ஏ.இ.சி. எனப்படும் நேரடி எண்ணிக்கையை. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் போனால் கூடுதல். 1,500 வரை லேசானது, 5,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். நம் ஆய்வகங்கள் பலவும் மேல் எல்லையை 440 என்று போடுவதால், 460 வந்தவர் பதறிப்போகிறார். பதற எதுவும் இல்லை.

“போன மாதம் 350, இப்போது 520. ஏறிக்கொண்டே போகிறது” என்பார்கள். ரத்தம் எடுத்த நேரத்தைக் கேளுங்கள். உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும்போது ஈசினோபில் இறங்கும். அது இறங்கும்போது இது ஏறும். கார்டிசால் காலையில் கூடியும் நள்ளிரவை ஒட்டிக் குறைந்தும் இருக்கும். அதனால் முற்பகலில் ஈசினோபில் எண்ணிக்கை குறைவாகவும் நள்ளிரவை ஒட்டி அதிகமாகவும் இருப்பது வழக்கம். ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

“நம் ஊரில் எல்லோருக்குமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும்” என்பது அடுத்த நம்பிக்கை. இது ஆபத்தான ஆறுதல். வெப்ப நாடுகளில் சராசரி கூடுவதற்குப் பெரிய காரணம் குடற்புழுக்கள். நம் ரத்தத்தின் பிறவிக் குணம் அல்ல. புழுக்களிலும் வேறுபாடு உண்டு. திசுக்களுக்குள் புகுந்து செல்லும் உருளைப்புழு, கொக்கிப்புழு போன்றவை எண்ணிக்கையை ஏற்றும். அமீபாவும் ஜியார்டியாவும் பொதுவாக ஏற்றுவதில்லை.

ஈசினோபிலியா ஒரு நோய் என்ற எண்ணம் இங்கே வேரூன்றியதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அன்றைய மதராஸ் மாகாணத்தின் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில், காசநோய் போலவே தோன்றி, ஆனால் ஈசினோபில் மிக அதிகமாக இருந்த நோயாளிகளைப் பற்றி ஃப்ரிமாட் மோலரும் பார்ட்டனும் 1940இல் எழுதினார்கள். 1943இல் வைன்கார்ட்டன் அதற்கு ‘ட்ராபிகல் ஈசினோபிலியா’ என்று பெயரிட்டார். யானைக்கால் புழுக்களின் நுண்குஞ்சுகளுக்கு நுரையீரல் காட்டும் மிகையான எதிர்வினைதான் அது என்பது பிறகு தெளிவானது. வாரக்கணக்கில் இரவு இருமல், இழுப்பு, பெரும்பாலும் 3,000க்கு மேல் எண்ணிக்கை: இவை அதன் அடையாளங்கள். டைஎத்தில்கார்பமசின் மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கும். அதே மாத்திரையை 600 எண்ணிக்கையும் மூக்கு ஒழுகலும் உள்ளவர் விழுங்குவதில் பயனில்லை. அவருக்கு இருப்பது தூசி ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கான மருத்துவம் வேறு.

தயிரும் வாழைப்பழமும் எண்ணிக்கையை ஏற்றுவதில்லை, அவற்றுக்கே ஒவ்வாமை உள்ள சிலரைத் தவிர.

எனக்கு அதிகம் கவலை தருவது ஸ்டீராய்டு. “ஒரு ஊசியில் ஈசினோபில் இறங்கிவிட்டது, குணமாகிவிட்டது” என்று நிம்மதியடைகிறார்கள். டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ உள்ளே போனால் சில மணி நேரத்திலேயே எண்ணிக்கை விழுந்துவிடும். காரணம் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் தடயம் மட்டும் மறைந்துவிடும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. வெறுங்காலில் மண்ணை மிதிக்கும்போது தோல் வழியாக நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு, அறிகுறியே காட்டாமல் பல பத்தாண்டுகள் உடலில் இருக்கக்கூடியது. ஒருமுறை செய்யும் மலப் பரிசோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். அப்படிப்பட்டவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அதன் குஞ்சுகள் உடல் முழுக்கப் பரவி உயிரையே பறிக்கலாம். வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர் என்றால், ஊசிக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

1,500ஐத் தாண்டிய எண்ணிக்கையை “வெறும் அலர்ஜி” என்று விட்டுவிடவும் கூடாது. சாதாரண ஒவ்வாமை அவ்வளவு தூரம் ஏற்றுவது அரிது. வாரக்கணக்கில் அப்படியே நின்றால் இதயம், நுரையீரல், நரம்புகளைப் பரிசோதிக்க வேண்டும். சில வேளைகளில் எலும்பு மஜ்ஜையையும். சில மருந்துகளாலும் எண்ணிக்கை கூடலாம். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டாயின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மருந்துகள் போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கிய இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் முக வீக்கமும் வந்தால், ஏ.இ.சி. பார்க்கக் காலைவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.