இறுக்கினால் நிற்காத ஒழுகல்

டேப்பட் செட்டிங் பார்க்கவோ, கேம் ஷாஃப்ட் வேலைக்கோ டேப்பட் கவரைக் கழற்றி மாட்டிய வண்டி சில நாட்களில் திரும்பி வருவது எந்தப் பட்டறைக்கும் புதிதல்ல. "புது பேக்கிங் போட்டும் ஆயில் ஒழுகுதுண்ணே" என்பார்கள். வேறிடத்தில் வேலை பார்த்து என்னிடம் வரும் வண்டிகளில், முதலில் போல்ட்டுகளைத்தான் கை வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் தேவைக்கு மேல் இறுகியிருக்கும். ஒழுகியதும் இறுக்கியிருப்பார்கள், நிற்கவில்லை என்று மறுபடியும் இறுக்கியிருப்பார்கள்.

டேப்பட் கவருக்குள் ஆயில் அழுத்தத்தில் நிற்பதில்லை. கேம் சுழலும்போது தெறித்து, வழிந்து, சம்ப்புக்குத் திரும்பிவிடும். அது வெளியே வராமல் தடுக்க பேக்கிங் சுற்றிலும் ஒரே அளவாக, கொஞ்சம் அமுங்கினாலே போதும். பல கார்களில் இந்த போல்ட் 6 மி.மீ. மரைதான், பத்தாம் நம்பர் ஸ்பேனர் சேரும். இறுக்கம் 8 முதல் 11 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவே கடைசிச் சொல். வீல் நட்டு இறுக்கும் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் இதற்கு ஆகாது. கால் இஞ்ச் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், ஸ்க்ரூடிரைவர் மாதிரியான கைப்பிடியில் சாக்கெட்டை மாட்டி மணிக்கட்டு பலத்தில் இறுக்குங்கள். அதற்கு மேல் போனால் தகரக் கவர் வளையும், பிளாஸ்டிக் கவர் வெடிக்கும், அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

எங்கிருந்து வருகிறது?

நனைந்திருக்கும் இடமெல்லாம் ஒழுகும் இடமல்ல. ஆயில் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். டீகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின், எஞ்சின் நின்றிருக்கும்போதே கவர் விளிம்பு நெடுகப் பவுடர் தூவுங்கள். பிறகு சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கிருந்துதான் வருகிறது. விளிம்புக்குக் கீழேதான் ஈரம் தொடங்குகிறது என்றால் பேக்கிங்கைக் குறை சொல்ல வேண்டாம். கேம் ஆயில் சீலையோ, டிஸ்ட்ரிப்யூட்டர் ஓ-ரிங்கையோ சந்தேகப்படுங்கள். கழற்றும்போது சிந்திய ஆயில் மூலை முடுக்குகளில் தங்கி, பிறகு மெல்ல வழிவதும் உண்டு. கழுவிப் பார்க்காமல் அதையும் லீக் என்று எண்ணிவிடுவோம்.

சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் ஒழுகினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கருகல் வாடை வரும், தீப்பிடிக்கவும் கூடும்.

முகம் சுத்தமாக இருக்க வேண்டும்

பழைய சிலிக்கானை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும். அந்தக் கோடே ஆயிலுக்கு வாய்க்கால். நான் பயன்படுத்துவது பழைய ஏடிஎம் கார்டு. சுரண்டிய துகள் உள்ளே விழாமல் கேம் மேல் துணி விரித்துக்கொள்வேன். கடைசியில் பிரேக் கிளீனரில் நனைத்த துணியால், கவரும் ஹெட்டும் சேரும் இரு முகங்களையும் துடைக்க வேண்டும். ஆனால் புது பேக்கிங்கைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். ரப்பர் ஊதிப்போய் பள்ளத்தில் உட்காராது.

போல்ட் துளைகளில் ஆயில் தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுங்கள். இல்லையென்றால் போல்ட் அந்த ஆயிலில் முட்டி, இறுகிவிட்டது போலப் பொய் சொல்லும். தகரக் கவரை ஏற்கெனவே யாராவது அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். தட்டையான கண்ணாடி மேல் கவிழ்த்தால் இடைவெளி தெரியும். மரக்கட்டை மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமப்படுத்தலாம்.

சிலிக்கான் எங்கே, எவ்வளவு?

நம்மூர்ப் பட்டறைகளில் "சுத்தி அனபாண்ட் இழுத்துடு" என்பார்கள், சிலிக்கானைத்தான். ரப்பர் பேக்கிங்குக்கு அது வேண்டாத வேலை. ஈர சிலிக்கான் மேல் ரப்பர் வழுக்கும். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து, பிய்ந்து, சம்ப்பில் விழுந்து ஆயில் ஸ்ட்ரெயினரை அடைக்கும். பல எஞ்சின்களில் சிலிக்கான் தேவைப்படுவது மூலைகளில் மட்டும்தான்: டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் மூட்டு, கேம் ஓரத்து அரைவட்டம் முடியும் இடங்கள். அங்கே ஒரு சிறு பொட்டு வைத்து, மேலே தோல் படியுமுன் கவரை உட்கார வைக்க வேண்டும். சிலிக்கான் காற்றின் ஈரத்தில்தான் இறுகும்; முழுதாகப் பிடிக்க 24 மணி நேரம் கொடுத்துவிடுவது நல்லது.

பள்ளத்தில் உட்கார்ந்த பேக்கிங் கவரைத் திருப்பும்போது விழாமலிருக்க இரண்டு மூன்று இடங்களில் துளி கிரீஸ் போதும். கவரை நேராக மேலிருந்து இறக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் பேக்கிங் மடியும். அதுவும் ஃபயர்வால் பக்கம், கண் எட்டாத இடத்தில்தான் மடியும். மொபைல் கேமராவை அங்கே நீட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

பேக்கிங்கோடு இதையும் மாற்றுங்கள்

பல கார்களில் போல்ட்டுக்கு ஒரு படி இருக்கும். அந்தப் படி முட்டியதும் போல்ட் அதற்குமேல் இறங்காது. கவரை அழுத்திப் பிடிப்பது போல்ட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் புஷ்தான். அது கல்லாகிவிட்டால், இறுகிப்போன குக்கர் கேஸ்கெட் போல, என்ன அழுத்தினாலும் பிடிக்காது. இறுக்கியும் ஒழுகும் வண்டிகளில் நான் அடிக்கடி காணும் காரணம் இதுதான். பிளக் டியூப் சீலும் அப்படியே. அது போனால் ஆயில் வெளியே தெரியாது; பிளக் குழியில் தேங்கி, எஞ்சின் மிஸ் அடிக்கும்.

அம்பாசடர் காலத்துக் கார்க் பேக்கிங் சூட்டில் படிந்துவிடும். அதனால் சில நாள் ஓடியபின் மீண்டும் ஒருமுறை லேசாக இறுக்குவார்கள். அந்தப் பழக்கத்தை இன்றைய ரப்பரிடம் காட்டக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் பேக் கம்ப்ரஷனை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியைக் கவனமாகத் திறந்து, வாயின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பிடியுங்கள். தாள் லேசாக உள்ளே இழுபட்டால் நல்லது. தூக்கித் தள்ளினால் பிசிவி வால்வோ அதன் ஹோஸோ அடைத்திருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் பணம்தான் போகும்.

மாட்டிய பிறகும் ஒழுகுகிறதா? இறுக்காமல் கழற்றுங்கள். பேக்கிங்கில் பதிந்திருக்கும் தடத்தைச் சுற்றிலும் பாருங்கள். தடம் ஆழமாகவும் ஒரே சீராகவும் இருந்தால் பேக்கிங் தன் வேலையைச் செய்திருக்கிறது. பேக் கம்ப்ரஷனைத் தேடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் அங்கே கவர் வளைந்திருக்கிறது, அல்லது அந்த போல்ட்டின் புஷ் செத்திருக்கிறது. மடிந்த கோடு தெரிந்தால் மாட்டும்போது நகர்ந்திருக்கிறது. அடுத்து என்ன வேலை என்று அந்தத் தடமே சொல்லிவிடும்.