எந்த பிலிம் நல்லது?

சிரஞ்சீவி மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவின் பழைய காமிராவைப் பழுது பார்த்து வைத்துக்கொண்டு, கோடாக் கோல்டு, போர்ட்ரா, டிரை-எக்ஸ், எக்டாக்ரோம், இல்போர்டு எச்பி5 பிளஸ் என்று ஐந்து விதமான ரோல்களை வாங்கி அடுக்கியிருப்பதாகவும், ஒவ்வொன்றையும் ஒரு முறை போட்டுப் பார்த்து, எந்த பிலிம் நல்லது என்று தீர்மானித்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். உன் உற்சாகம் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது. ஆனாலும் அந்தத் திட்டத்தைச் சற்றே ஒத்திவை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ரோலை மழைமேகம் மூடிய காலையிலும், மற்றொன்றைச் சித்திரை மாதத்து உச்சி வெயிலிலும், மூன்றாவதைக் கல்யாண வீட்டு விளக்கொளியிலும் எடுத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு லேபில் கழுவக் கொடுத்து, வந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறவன், ஒளியின் குணத்தையும் லேப்காரரின் குணத்தையும் தன் கைப்பிழையையும் சேர்த்துப் பிலிமின் குணம் என்று எண்ணிக்கொள்வான். இரண்டு ஊர் அரிசியின் சுவையை ஒப்பிட நினைப்பவள் ஒன்றைப் பொங்கலாகவும் மற்றொன்றைப் புளியோதரையாகவும் சமைத்து வைத்துக்கொண்டு எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: ஒரே பிலிமை எடுத்துக்கொண்டு, அது உனக்குக் கைவசமாகும் வரையில் வேறொன்றையும் தொடாதே, அதன் பிறகு மாற்றும்போதும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்று.

இதற்குக் காரணம் விளங்க வேண்டுமானால் பிலிம் என்பது எப்படிப்பட்ட வஸ்து என்று நீ அறிந்திருக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையொன்றின்மேல், மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் என்னும் பசையில், வெள்ளியும் புரோமினும் கூடிய நுண்ணிய படிகங்களைக் கலந்து பூசியிருக்கிறார்கள்; அவ்வளவுதான். ஒளி பட்ட படிகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சில வெள்ளி அணுக்கள் தனித்துப் பிரிந்து நிற்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அந்த அடையாளத்தை, டெவலப்பர் என்னும் ரசாயனக் கரைசல் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கி, அந்தப் படிகம் முழுவதையும் கருத்த வெள்ளியாக மாற்றிவிடுகிறது. இதில் என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தும் செய்தியொன்று உண்டு. ஒரே முறையில் தயாரித்த பிலிம்களிலே சில கூர்மையாக ஒளியை உணர்வதும் சில மந்தமாக இருப்பதும் ஏன் என்று தெரியாமல் உற்பத்தியாளர்கள் வெகுகாலம் திகைத்திருந்தார்கள். 1920களில் கோடாக் ஆராய்ச்சிச்சாலையில் பணிபுரிந்த சாமுவேல் ஷெப்பர்டு என்ற ரசாயன அறிஞர், ஜெலட்டினுக்கு மூலமான மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வந்த கந்தகச் சேர்மமே அந்தக் கூர்மைக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். அந்தக் கந்தகம் அணுவளவு கலந்திருப்பதும் இல்லாததும் படத்தையே மாற்றிவிடுகின்ற இந்தச் சூட்சுமமான பொருளை, ஒரு ரோலில் அறிந்துகொண்டேன் என்று சொல்லுவது எங்ஙனம் பொருந்தும்?

பெட்டியின்மேல் போட்டிருக்கும் 100, 200, 400 என்ற எண்கள் பிலிமின் வேகத்தைக் குறிப்பவை. எண் இரட்டித்தால் வேண்டிய ஒளி பாதியாகும்; ஒளி இப்படி இரட்டிப்பதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். வேகம் வேண்டுமானால் படிகம் பெரிதாக இருக்க வேண்டும். படிகம் பெரிதானால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கிரெய்ன் தெரியும். 1980களில் கோடாக் டி-மேக்ஸிலும், பின்னர் இல்போர்டு டெல்டாவிலும் படிகங்களைத் தட்டையாக அமைத்து இந்தச் சங்கடத்தை ஓரளவு தணித்தார்கள். ஆயினும் அடிப்படை விதி மாறவில்லை.

உன்னிடமுள்ள ஐந்தில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், தயக்கமின்றி எச்பி5 பிளஸ் என்பேன். 400 வேகம் கொண்டதாகையால் வெளியிலும் வீட்டுத் தாழ்வாரத்திலும் பயன்படும். இரண்டு ஸ்டாப் அளவுக்கு ஒளி அதிகமாகிவிட்டாலும் படத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, கறுப்பு வெள்ளை பிலிமாகையால் உன் கையாலேயே வீட்டில் கழுவலாம். 1954 முதல் 35 மில்லிமீட்டர் சுருளாகக் கிடைத்துவரும் டிரை-எக்ஸும் இதற்குச் சளைத்ததன்று. எனவே இரண்டில் எது மேல் என்ற விசாரத்தில் காலத்தைப் போக்காமல், எது உனக்குத் தடையின்றிக் கிடைக்குமோ அதைப் பிடித்துக்கொள்.

பிலிம் செய்யும் தொழில் நம் மண்ணுக்கு அந்நியமானதாக எண்ணிவிடாதே. இந்திய அரசாங்கம் 1960இல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற ஸ்தாபனத்தை அமைத்து, 1967 முதல் அங்கே உற்பத்தி நடைபெற்று, ‘இந்து’ என்ற பெயருடைய கறுப்பு வெள்ளை பிலிம்களும், ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய எக்ஸ்ரே பிலிம்களும் வெளிவந்தன. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை. இப்போது நீ வாங்கும் ஒவ்வொரு சுருளும் இங்கிலாந்தின் மோபர்லியிலிருந்தோ அமெரிக்காவின் ராச்செஸ்டரிலிருந்தோ கடல் கடந்து வர வேண்டியிருப்பதால், அதிலுள்ள 36 படங்களும் விலை உயர்ந்தவை. அவற்றைச் சிதறவிடாமல் ஒழுங்காகப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

இனி, கழுவுதலைப் பற்றி. பிலிமின் குணத்தில் சரிபாதி டெவலப்பரில் இருக்கிறது என்பதை, அடிக்கடி பிராண்டை மாற்றுகிறவர்கள் கடைசிவரை உணர்வதேயில்லை. எச்பி5 பிளஸை 400 வேகத்துக்கு எடுத்து, ஐடி-11 டெவலப்பரில், நீர் கலந்து மேலும் நீர்க்கச் செய்யாமல், 20 டிகிரி உஷ்ணத்தில் கழுவினால் 7½ நிமிஷம் போதும். அதே பிலிமை 1600 என்று ஒளியளக்கும் மீட்டரில் வைத்து மங்கிய ஒளியில் எடுத்து, அதே கரைசலில் 14 நிமிஷம் கழுவினால், நிழல்கள் ஆழ்ந்து கருத்து, வெளிச்சமான இடங்கள் துள்ளி எழும்பி, கிரெய்ன் தடித்து, வேறொரு பிலிமோ என்று மயங்கும்படியான படம் வரும். லென்ஸின்மேல் மஞ்சள் பில்டரை மாட்டினால் வானம் சற்றுக் கறுத்து மேகம் தெளியும். சிவப்புப் பில்டரை மாட்டினால் பட்டப்பகல் வானமும் இருண்டுவிடும். ஒரே பிலிமுக்குள் இத்தனை பிலிம்கள் ஒளிந்திருக்கையில், கடையில் போய் இன்னொன்றைத் தேடுவானேன்?

நம் ஊர்க் குழாய் நீர் கோடையில் 30 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதை மறவாதே. டெவலப்பர்ப் பாத்திரத்தை ஐஸ் கட்டி போட்ட அகன்ற தட்டில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து 20 டிகிரிக்கு இறக்கு. ஐஸைக் கரைசலுக்குள்ளேயே போட்டுவிடாதே. வெப்பம் கூடினால் நேரம் குறையும்; 5 நிமிஷத்துக்குக் கீழே போனால் படம் முழுவதும் சமமாகக் கழுவப்படாமல் திட்டுத் திட்டாகப் போகும். ஒருநாள் 20 டிகிரியிலும் மறுநாள் 26 டிகிரியிலும் கழுவிவிட்டு பிலிமைக் குறை சொல்லுவது தர்மமாகாது.

ஒன்று நன்றாகக் கைவந்த பிறகு இரண்டாவதை எடுத்துக்கொள். அது இல்போர்டு எஃப்பி4 பிளஸாக இருக்கட்டும். 125 வேகம், நேர்த்தியான கிரெய்ன். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வெயில் நிலையாயிருக்கும் முற்பகல் வேளையில், வெள்ளையடித்த சுவர், மரநிழல், பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் முகம் இம்மூன்றும் ஒருங்கே அடங்கும் காட்சி ஒன்றைத் தேர்ந்துகொள். மீட்டர் காட்டிய அளவில் ஒன்று, அதற்கு ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று என்று எடு. முதல் பிலிமிலும் அதே இடத்தில், அதே வேளையில், அதே லென்ஸால் எடு. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர், அபர்ச்சர், ஒளியின் தன்மை ஆகியவற்றை நோட்டில் உடனுக்குடன் குறித்துவை. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ஞாபகம் ஏமாற்றிவிடும். பிறகு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நிழற்பகுதியில் விவரம் பதிந்திருக்கிறதா என்று முதலில் பார். அங்கே கண்ணாடிபோல் வெறுமையாயிருந்தால், ஒளி போதவில்லை என்று பொருள். எவ்வளவு நேரம் கழுவினாலும் இல்லாததை வரவழைக்க முடியாது.

கலர் பிலிம் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். அதில் மூன்று அடுக்குகள் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளைத் தனித்தனியே ஏற்கின்றன. கழுவும்போது வெள்ளி முழுவதும் வெளியேற்றப்பட்டு, அது இருந்த இடத்தில் சாயம் மட்டுமே எஞ்சி நிற்கிறது. நெகட்டிவோ ஆரஞ்சு நிறப் போர்வைக்குள் மறைந்திருக்கிறது. அதை நேராகப் பார்த்து வர்ணத்தை நிர்ணயிக்க எவராலும் ஆகாது. ஸ்கேன் செய்கிறவர், அல்லது பிரிண்ட் போடுகிறவர், அந்த ஆரஞ்சை நீக்கித் தலைகீழான வர்ணங்களைத் திருப்பும்போதுதான் படம் பிறக்கிறது. எனவே, போர்ட்ராவின் சரும நிறம் மென்மையானது, கோல்டின் மஞ்சள் இதமானது என்றெல்லாம் பிறர் காட்டும் படங்களைக் கண்டு நீ மயங்குவதிலே பிலிமின் பங்கு எவ்வளவு, ஸ்கேன் செய்தவரின் ருசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுவது சாத்தியமில்லை. ஒரே நெகட்டிவை இரண்டு லேபுகளில் கொடுத்துப் பார். ஒன்றில் முகம் செம்மையாகவும் மற்றொன்றில் பசுமை ஓடியும் வரலாம். பிலிம்களுக்குள் பேதமில்லை என்று நான் சொல்லவில்லை. பேதம் உண்டு, ஆனால் அதைக் காண வேண்டுமானால் இரண்டையும் ஒரே லேபில் கழுவி, ஒரே இயந்திரத்தில், தானியங்கித் திருத்தங்களை நிறுத்தி ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே; தொழிலில் அக்கறையுள்ள லேப்காரர் இப்படிக் கேட்கும் பையனைக் கண்டு மகிழவே செய்வார்.

எக்டாக்ரோமைக் கடைசியில் வை. அது ஸ்லைடு பிலிம். கழுவியதும் உள்ளபடியான வர்ணத்திலேயே படம் கண்முன் நிற்கும், நடுவே விளக்கம் சொல்லுபவர் யாருமில்லை. ஆனால் அரை ஸ்டாப் தவறினாலும் அது மன்னிக்காது. நெகட்டிவில் நிழலைக் கருதி ஒளியளந்து பழகிய நீ, ஸ்லைடில் வெளிச்சப் பகுதியைக் கருதி அளக்க வேண்டும். அங்கே வெளுத்துப் போனது போனதுதான். ஸ்லைடைக் கழுவுவதற்கான ஈ-6 முறையைக் கையாளும் லேப்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. ஆதலால் எடுப்பதற்கு முன்னரே லேபைத் தேடி உறுதிசெய்துகொள். இன்னொரு ஸ்லைடு பிலிமான கோடாக்ரோமின் கதி உனக்குத் தெரிந்திருக்கட்டும். லியோபோல்டு மான்னஸ், லியோபோல்டு காடவ்ஸ்கி என்ற இரண்டு சங்கீத வித்துவான்கள் உருவாக்க, 1935இல் வெளிவந்து, நம் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் இந்தியாவின் வர்ணங்களையெல்லாம் பதிவு செய்யக் கைக்கொண்ட அந்த அற்புதமான பிலிமின் உற்பத்தி 2009இல் நின்றது. அதைக் கழுவி வந்த கடைசி லேப், அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்துப் பார்சன்ஸ் என்ற ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் இறுதிக்குப் பின் அதுவும் புதிய சுருள்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. அன்றுமுதல், படம் எடுக்கப்பட்டுக் கழுவப்படாமல் அலமாரிகளில் கிடக்கும் கோடாக்ரோம் சுருள்களின் அசல் வர்ணத்தை வரவழைத்துத் தர எந்த லேபும் இல்லை.

எக்டாக்ரோமுக்கு முறை வரும் வரையில் அதையும், மற்ற மூன்றையும், காற்றுப் புகாத டப்பியில் இட்டு மூடிக் குளிர்பெட்டியில் வைத்திரு. உன் அம்மாவிடம் நான் சொல்லியிருப்பதாகச் சொல். காமிராவில் போடுவதற்குச் சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, அறையின் உஷ்ணத்துக்கு வரும்வரை டப்பியைத் திறக்காதே. திறந்தால் குளிர்ந்த பிலிமின்மேல் நீர் படியும். எச்பி5 பிளஸை இன்றே போடலாம்.

இப்படிக்கு,
உன் மாமா