கைபடாத கருவி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழைய கோர்க் பாலிசிக்ஸ் சின்தசைசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து அதன் மூடியைக்கூட யாரும் திறந்ததில்லை, அதனால் விற்பவர் இரண்டு மடங்கு கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பணம் உன்னுடையது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் ‘யாருமே கை வைக்காதது’ என்பதை நீயும் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆசிலேட்டர், ஃபில்டர் பாடமெல்லாம் உனக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பாலிசிக்ஸ் 1981-ல் வந்தது. அதில் நாம் அமைத்த ஒலிகள் மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாமல் இருக்க, போர்டின் மேலேயே ஒரு சிறிய நிக்கல்–காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்து வைத்திருக்கிறார்கள். கேஎல்எம்-367 என்று எண்ணிட்ட போர்டு அது. அந்த பேட்டரிக்குச் சில வருட ஆயுள்தான். அதற்குப் பிறகு உள்ளிருக்கும் காரம் கசிகிறது. கசிந்தது அங்கேயே நிற்பதில்லை. செம்பு டிராக்குகளை அரித்துக்கொண்டு, ஐசி கால்களைத் தின்றுகொண்டு, துளை வழியாகப் போர்டின் அடிப்பக்கம் வரைக்கும் போகிறது. ஒரு நாள் சில விசைகள் பேசாது. இன்னொரு நாள் ஒலிகள் தாறுமாறாக மாறியிருக்கும். விவரம் தெரிந்த சொந்தக்காரர் செய்யும் முதல் வேலை மூடியைத் திறந்து அந்த பேட்டரியை எடுப்பதுதான். அப்படியானால், நாற்பது வருடமாக யாருமே திறக்காத பாலிசிக்ஸ் என்பதற்கு என்ன பொருள்? நாற்பது வருடமாக யாருமே அந்த பேட்டரியை எடுக்கவில்லை என்று பொருள். அதற்கு இரண்டு மடங்கு விலையா?

ரோலண்ட் ஜூனோ-106-ஐயும் எடுத்துக்கொள். 1984-ல் வந்த கருவி. அதன் ஆறு குரல்களுக்கும் தலைக்கு ஒரு சிப். ஒவ்வொன்றையும் கறுப்பு எபாக்சிப் பூச்சில் மூழ்கடித்திருக்கிறார்கள். வருடங்கள் ஓட ஓட அந்தப் பூச்சின் வழியாக மின்சாரம் ஒழுகத் தொடங்குகிறது. ஒரு குரல் கரகரக்கும், பிறகு செத்துப்போகும், பிறகு அடுத்தது. வாசித்தாலும் இதுதான் கதி, பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமல் வைத்திருந்தாலும் இதுதான் கதி. சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தெடுத்தால் பெரும்பாலும் உயிர் திரும்பும். கைபட்டால்தான் அது பிழைக்கும்.

நாணயம், அஞ்சல்தலை சேர்ப்பவர்களின் பழக்கம் எப்படியோ நம் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. நாணயத்தைத் தேய்த்து மெருகேற்றினால் மதிப்புப் போய்விடும் என்பது நியாயமான விதி, ஏனென்றால் நாணயத்துக்குள் வேதிவினை எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் நடக்கிறது. சும்மா வைத்திருந்தாலும் அதற்குள் இருக்கும் திரவம் உலர்கிறது. அலுமினியத் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலம், மின்னழுத்தமே படாமல் பல வருடம் கிடந்தால் மெலிகிறது. அப்படிப்பட்ட கருவியைத் திடீரென்று முழு மின்சாரத்தில் போட்டால் சில கெப்பாசிட்டர்கள் சூடேறி வெடிக்கும். பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு மெல்ல மெல்ல ஏறுகிறது. டேப் டெக்கின் ரப்பர் பெல்ட் தார்போல உருகிப் புல்லியில் ஒட்டிக்கொள்கிறது. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று விசைகளுக்கு அடியிலுள்ள கான்டாக்ட்களைக் கறுக்க வைக்கிறது. கருவி அலமாரியில் உறங்குகிறது என்று நீ நினைக்கிறாய், அதற்குள் இத்தனையும் நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே எனக்குப் பிடித்த கிளாவியோலினைக் கொண்டுவராமல் என்னால் மேலே போக முடியாது. பிரான்சில், வெர்சாய் நகரத்தில், கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பொறியாளர் 1947-ல் செய்தது. மூன்று ஸ்தாயி அளவுக்கு விசைகள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம். விசைப்பெட்டி தனி, ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருக்கும் பெட்டி தனி. பியானோவின் விசைகளுக்குக் கீழே மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முழங்காலால் தள்ளும் ஒரு நெம்புகோல். உள்ளே எல்லாம் வால்வுகள். ஆசிலேட்டரிலிருந்து வருவது ரீங்காரம் நிறைந்த முரட்டு ஒலி. முன்பக்கத்துச் சின்னச் சின்ன சுவிட்சுகள் அதைப் பல ஃபில்டர்களின் வழியே அனுப்பி, ஒன்றில் வயலின், ஒன்றில் ஓபோ என்று நிறம் மாற்றும். பீட்டில்ஸ் குழுவினர் 1967-ல்கூட ஒரு பாட்டில் அதைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் நம் நாட்டுக்காரர்கள் அதற்கு முன்பே அதை என்ன செய்தார்கள் என்று பார். 1954-ல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்துக்கு இசை ஹேமந்த் குமார். அந்தப் படத்தின் மகுடி ஒலி இந்தியா முழுவதும் பரவியது. பாம்பு வரும் காட்சி என்றால் இன்றைக்கும் நம் காதில் தானாக ஓடுவது அந்த மெட்டுதான். பாம்பாட்டி ஒருவரை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்து ஊதச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தவர்கள் ஏராளம். வாசித்தவர் கல்யாண்ஜி, பின்னாளில் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இரட்டையராகப் புகழ்பெற்றவர். வாசித்தது கிளாவியோலின். கூடவே ஹார்மோனியம், அதை வாசித்த ரவியும் பிறகு பெரிய இசையமைப்பாளர் ஆனார். மகுடி இடைவிடாத ஒலி, மூச்சு விடுவதே காதில் விழாது. விசையை அழுத்தியிருக்கும் வரைக்கும் கிளாவியோலினும் அப்படித்தான், பியானோ மாதிரித் தேய்ந்து அடங்காது. அடி ஒலியை வடிகட்டிவிட்டால் மூக்கால் பாடும் குரல் வந்துவிடுகிறது. வைப்ரேட்டோ சுவிட்ச் நடுக்கத்தைக் கொடுக்கிறது. முழங்கால் நெம்புகோல் ஊதுபவரின் மூச்சைக் கொடுக்கிறது. வெர்சாயில் அதைச் செய்தவருக்குப் பாம்பாட்டியைப் பற்றி என்ன தெரியும்? கருவிக்குள் இருந்த அந்தக் குரலைக் கண்டுபிடித்தது வாசித்த கைதான்.

இப்போது நான் சொல்ல வருவது இதுதான். அதே காலத்துக் கிளாவியோலின் ஒன்று இன்றைக்கு உனக்குக் கைபடாமல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள். அதிலிருந்து நாகின் ஒலி வருமா? வராது. ஒலிக்கு நிறம் கொடுக்கும் அந்த ஃபில்டர்களில் இருப்பவை பழைய காகிதக் கெப்பாசிட்டர்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சி, நேர்மின்சாரத்தை ஒழுக விட ஆரம்பித்திருக்கும். கூர்மை மழுங்கி, மந்தமான ஒரு ஒலி வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் ‘பழைய கருவிக்கே உரிய கதகதப்பு’ என்று உருகுகிறார்கள். கெப்பாசிட்டர் கெட்டுப்போனதை அழகு என்று கொண்டாடுவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. நாகின் இசைத்தட்டைக் கேள். அதில் எங்கே கதகதப்பு? கம்பியைப் போல நேராக வந்து காதைத் துளைக்கிறது. கருவி புதிதாக இருந்தபோது அப்படித்தான் இருந்தது.

அதனால் என் கட்சி இது: ஒரு மின்னணுக் கருவியின் மூல ஒலி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், இன்றைக்கு உன் மேசையில் இருக்கும் கருவியைக் கேட்காதே, அது இளமையாக இருந்தபோது பதிவான ஒலியைக் கேள். மைக், டேப், இசைத்தட்டு இவற்றின் நிறமும் பதிவில் கலந்திருக்குமே என்று நீ எதிர்வாதம் செய்வாய். கலந்திருக்கும். ஆனால் சுரம் எழும் வேகத்தையும், வைப்ரேட்டோவின் ஆழத்தையும், ரீங்காரத்தின் அடர்த்தியையும் பதிவிலிருந்து பிரித்துக் கேட்கக் காதைப் பழக்கலாம். இதற்கு ஒரு உதாரணம்: அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-ல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சின்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்டவர்கள் அங்கே இசை அமைத்தார்கள். அந்த ஸ்டூடியோவைப் பற்றி வெகுகாலம் யாரும் பேசவில்லை. அங்கே பதிவான டேப்புகள் அண்மையில் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்த பிறகுதான், அந்தக் கருவி இந்தியக் காதுகளிடம் என்ன பேசியது என்று நமக்குத் தெரிந்தது.

கதை, நாவல் படிக்க வேண்டிய வயதில் நான் சர்வீஸ் மானுவல்களைப் படிக்கத் தொடங்கினேன், இன்னும் விட முடியவில்லை. ரோலண்ட் நிறுவனத்தின் பழைய மானுவல்களில் சரிசெய்தல் பகுதி ஒன்று வரும். இந்தப் புள்ளியில் இத்தனை வோல்ட் இருக்க வேண்டும், இந்த ட்ரிம்மரைத் திருப்பினால் ஆசிலோஸ்கோப்பில் அலை இந்த வடிவத்துக்கு வர வேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள். கருவியைச் செய்தவர்களே, இது இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாசனம் அது. கருவிக்கு லட்சம் கொடுக்கும் சேகரிப்பாளர்கள் மானுவலைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீ அப்படி இருக்காதே. முதலில் மானுவல், பிறகுதான் கருவி.

அப்படியானால் பழைய பாகம் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று கேட்டால், அடிக்க வருவேன். ஒலியைச் செய்யும் பாகம் வேறு, அதற்கு ஊழியம் செய்யும் பாகம் வேறு. பவர் சப்ளை கெப்பாசிட்டர் ஊழியம் செய்வது, தயங்காமல் மாற்று. ஆனால் ரோலண்ட் டிஆர்-808 தாளக் கருவியை எடுத்துக்கொள். 1980-லிருந்து 1983 வரை ஏறக்குறைய 12,000 மட்டுமே செய்தார்கள். அதன் ஒலியிலுள்ள சீறலுக்குக் காரணம், தரத்தேர்வில் தோற்ற டிரான்சிஸ்டர்கள். இரைச்சல் அதிகம் என்று ஒதுக்கப்பட்டவற்றைத் தேடி வாங்கிப் பயன்படுத்தியதாக ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியே சொல்லியிருக்கிறார். உற்பத்தித் தரம் உயர்ந்ததும் அப்படிப்பட்ட பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போயின, 808-உம் நின்றது. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை வாசித்துப் பதிவுசெய்தபோது பின்னால் ஓடியது அந்த 808-தான். அந்த டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டுப் புதிதாக, சுத்தமாக ஒன்றைப் போட்டால் நீ கருவியைக் கொன்றுவிட்டாய். மெல்லோட்ரான் டேப்புகளும் அப்படித்தான். ஒவ்வொரு விசைக்கும் ஏறக்குறைய எட்டு விநாடி ஓடும் ஒரு டேப். வாசிக்க வாசிக்கத் தேயும். மூல டேப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டுப் பிரதியில் வாசி.

எதை மாற்றினாலும் எடுத்த பாகத்தைத் தூக்கிப் போடாதே. ஒரு கவரில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது, என்றைக்கு, பதிலாக என்ன போட்டாய் என்று எழுதிக் கருவிக்குள்ளேயே வை. நாளைக்கு வேறொருவர் திறந்தால் புரிய வேண்டும்.

பாலிசிக்ஸ் விஷயத்தில் நீ செய்ய வேண்டியது: விற்பவரை மூடியைத் திறக்கச் சொல். மறுத்தால் எழுந்து வந்துவிடு. திறந்தால், பேட்டரியைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப விலையைக் குறை. பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று படி. ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த கருவி 100 வோல்ட், நம் 230-ல் செருகினால் அன்றோடு முடிந்தது. வாங்கினால் ஆன் செய்து பார்க்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவா. சீரிஸ் பல்பு போட்டு, டிம்மர்ஸ்டாட்டில் மெல்ல ஏற்றிப் பார்க்கலாம். காரம் கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். அதற்குத் தேவையானவை ரிச்சி தெருவில் கிடைக்கும், நீயே வாங்கி வா. வால்வு கருவி எதையும் நான் பக்கத்தில் இல்லாமல் நீ திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் நிற்கும்.

உன் அத்தை வீட்டில் பழைய மின்னணுச் சுருதிப்பெட்டி ஒன்று பழைய இரும்புக்காரருக்குப் போகக் காத்திருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். பாலிசிக்ஸ் உலகத்தில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன, பழுது பார்ப்பது எப்படி என்று எழுதி வைத்தவர்களும் இருக்கிறார்கள். பதிவுசெய்த தம்பூரா ஒலி வருவதற்கு முந்திய, வெறும் ஆசிலேட்டரில் சுருதி எழுப்பிய நம் ஊர்ப் பெட்டிகளுக்கு யாரும் மானுவல்கூட வைத்துக்கொள்ளவில்லை. அத்தையின் பெட்டியை இரும்புக்குப் போட விடாதே. எந்த வருடம், எந்தக் கடையில் வாங்கினார், யார் அதை வைத்துப் பாடினார்கள் என்று அத்தையிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள். சர்க்யூட்டை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து வரைந்துவிடலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்