அகல் விளக்கில் ஓர் அறிவியல் பாடம்

பூச்சோங்கில் டிங்கி என்றால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. புகை அடிக்க வந்தால் சன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான். ஆனால் 2019இல் மட்டும் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளிடம் ஏடிஸ் கொசுவைப் பற்றிக் கேட்டால் முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று கடகடவென ஒப்பிப்பார்கள். பள்ளியில் படித்ததுதான். நான் வேறு மாதிரி கேட்பேன்: "உங்க வீட்டுல எங்கெல்லாம் தண்ணி நிக்குது?"

உடனே வகுப்பு களைகட்டிவிடும். துளசித் தொட்டிக்குக் கீழே இருக்கும் தட்டு, ஐஸ்பெட்டியின் பின்பக்கத் தட்டு, திருஷ்டி கழித்து உடைத்த தேங்காய் ஓடு, தீபாவளிக்கு ஏற்றிவிட்டு வாசலிலேயே விட்ட அகல் விளக்கு. சாமி முன்னால் வைக்கும் செம்புத் தண்ணீரைத் தினமும் மாற்றினால் கவலையில்லை.

அகல் விளக்கில்தான் பாடமே இருக்கிறது. "அது காஞ்சு போய்தானே கெடக்கு, அண்ணா?" என்பார்கள். காய்ந்திருந்தாலும் ஆபத்துதான். ஏடிஸ் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டைகளை ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் விளக்கு நிரம்பினால் பொரித்துவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அப்படியென்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? "வாரம் ஒரு தடவை!" சுகாதார அமைச்சு வாரம் 10 நிமிடம் ஒதுக்கச் சொல்வதன் காரணம் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். சுவரொட்டியில் பார்ப்பதைவிட இப்படிக் கண்டுபிடித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பது என் எண்ணம். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

காய்ச்சல் பகுதியை மட்டும் அவசரப்படாமல் நடத்துங்கள். டிங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான், அதாவது 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாள் வரை, ஆபத்தான கட்டம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரியலாம். நம் வீடுகளில் அந்த நேரம் பார்த்துத்தான் "காய்ச்சல் விட்டுருச்சு, பள்ளிக்குப் போ" என்பார்கள். பப்பாளி இலைச் சாற்றை நம்பி மருத்துவமனைக்குத் தாமதிப்பதும் உண்டு. ஆஸ்பிரின், இபுபுரோஃபென் இரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டும். டிங்கி என்று சந்தேகம் இருந்தாலே அவற்றைத் தொடக்கூடாது.

கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நான்கையும் வீட்டில் பாட்டியிடம் சொல்லி, பாட்டியைத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் எங்கள் வகுப்பின் வீட்டுப்பாடம்.