பஞ்சு படிந்த மீனைக் கண்டால்

கண்ணு, மாடியில் 1000 லிட்டர் தொட்டி வைத்து ஜிலேபிக் குஞ்சு விட்டிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மேலே ஜல்லிப் படுக்கையில் கீரை, கீழே மீன், இரண்டுக்கும் சுற்றி ஓடும் ஒரே தண்ணீர். 11 வருஷமாக நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது ஒரு விடிகாலையில் ஒரு மீனின் முதுகில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். அன்றைக்கு உனக்குப் பதறும். அப்போது எடுத்துப் படிக்க இது.

1. பதற்றத்தில் மருந்துப் புட்டியைத் திறக்காதே. முதல் வருஷம் இரண்டு மீனுக்குப் பஞ்சு வந்தது. கடையில் வாங்கிய மெத்திலீன் ப்ளூவைத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டேன். ஜல்லிக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கிச் செடிக்கு ஊட்டுகின்றன. மருந்து அவற்றைக் கொன்றது. அம்மோனியா ஏறி, ஒரே வாரத்தில் 19 மீன்கள் மிதந்தன. அதில் பதினேழுக்கு நோயே இல்லை. உன் தொட்டியில் மீன், செடி, கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்கள் என மூன்று குடும்பம் ஒரே கிணற்றில் தண்ணீர் குடிக்கிறது. ஒன்றுக்கு ஊற்றுவது மூன்றுக்கும் போய்ச்சேரும். செடிக்குப் பூஞ்சை என்று செம்பு கலந்த மருந்தைத் தெளித்தாலும் இதே கதைதான், அது சொட்டி மீனிடம் வரும்.

2. எந்தக் கதவு திறந்திருந்தது என்று தேடு. இந்தப் பஞ்சுக்கு சாப்ரோலெக்னியா என்று பெயர். பூஞ்சை என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது நீர்ப்பூசணம், பழுப்புப் பாசிகளுக்கு உறவு. அதன் வித்துகள் எல்லா நன்னீரிலும் எப்போதும் மிதக்கின்றன. நல்ல மீனின் உடம்பில் இருக்கும் வழுவழுப்பு அவற்றை ஒட்டவிடாது. வழுவழுப்பு எங்கே போனதோ அங்கேதான் பஞ்சு பூக்கும். எனக்கு மூன்றாவது தடவை வந்தபோது தண்ணீரை நாலு நாள் சோதித்தும் குற்றம் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் என் கைவலைதான். முடிச்சு முடிச்சாக இருந்த சொரசொரப்பான வலை, போதாக்குறைக்கு உலர்ந்த கை. எடை பார்க்கிறேன் என்று ஞாயிறுதோறும் மீன்களைத் தூக்கியது நான். குற்றவாளி நீயாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துத் தேடு, கண்ணு. முடிச்சில்லாத மெல்லிய வலை வாங்கு. கையை நனைக்காமல் மீனைத் தொடாதே.

3. பஞ்சு எல்லாம் ஒரே பஞ்சு அல்ல. சாப்ரோலெக்னியா தண்ணீருக்குள் இழை இழையாக அசையும், வெளியே எடுத்தால் நனைந்த பஞ்சாகப் படிந்துவிடும். பெரும்பாலும் குளிரில் வரும். வாயைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாகவோ, முதுகில் சேணம் போட்டதுபோலவோ படர்ந்து, வெயில் காலத்தில் ஓரிரு நாளில் மீன்களைக் கொல்வது காலம்னாரிஸ். அது பாக்டீரியா நோய். ஒரு சித்திரையில் அதைப் பூஞ்சை என்று நம்பி நாலு நாளைத் தொலைத்தேன். சந்தேகம் வந்தால் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கேள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கேட்பதில் வெட்கப்படாதே. செத்த மீன் சீக்கிரம் அழுகி அடையாளம் இழந்துவிடும், உயிரோடு இருக்கும் நோய் மீனைக் காட்டு.

4. உப்பை நம்பு, ஆனால் பக்கத்தில் உட்கார். நோய் மீனைப் பிரித்தெடு. வாளியில் தொட்டித் தண்ணீரையே 20 லிட்டர் மொண்டு, 200 கிராம் கல்லுப்பை முழுதாகக் கரைத்து, ஏர் ஸ்டோன் போட்டபின் மீனை விடு. ஜிலேபி 10 நிமிஷம் முதல் அரைமணி வரை தாங்கும். சாய்ந்து புரண்டால் அந்தக் கணமே எடுத்துவிடு. இப்படித் தினம் ஒரு தடவை, மூன்று நாலு நாள். மற்ற நேரம் அது 50 லிட்டர் டப்பில், லிட்டருக்கு 3 கிராம் உப்பில் இருக்கட்டும். அந்த டப்பில் அம்மோனியாவைத் தின்ன யாரும் இல்லை. அதனால் தீனியைக் குறைத்து, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. புதுத் தண்ணீருக்கும் அதே அளவு உப்பு. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் காற்றூட்டி வை. வடித்த உப்புத் தண்ணீரை ஜல்லிப் படுக்கையில் ஊற்றாதே. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. பீன்ஸும் ஸ்ட்ராபெரியும் முதலில் வாடும்.

ஒருமுறை மீனை உப்புத் தண்ணீரில் விட்டுவிட்டு, போன் வந்தது என்று கீழே இறங்கிப் போனேன். பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது அது பக்கவாட்டில் கிடந்தது. அந்த மீன் நோயால் சாகவில்லை.

5. மாலகைட் கிரீன் வேண்டவே வேண்டாம். பஞ்சை வேகமாகப் போக்கும் என்று யாராவது நீட்டுவார்கள். உண்ணும் மீனுக்கு நம் நாட்டிலும் பல நாடுகளிலும் அதற்குத் தடை. சதையில் தங்கிவிடும் சாயம் அது. உன் பிள்ளை தட்டில் வைக்கப்போகும் மீன்.

6. மார்கழிக்கு முன்பே தயாராகு. ஜிலேபிக்கு 27 முதல் 30 டிகிரி வரை சுகம். 20-க்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறையும், எதிர்ப்பும் தளரும். மிஞ்சிய தீனி அடியில் அழுகும், அதிலும் பூசணம் வளரும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடு. ஜல்லி வழியாக ஓடும் தண்ணீர் குளிர்ந்துதான் திரும்பும், அதனால் கடுங்குளிர் இரவில் ஓட்டத்தைக் குறை. காற்றை மட்டும் நிறுத்தாதே.

7. புது மீனை மூன்று வாரம் தனியே வை. குளத்தில் பிடித்த விரால் குஞ்சுகள் கிடைத்தன என்று ஆசையில் நேராகத் தொட்டியில் விட்டவன் நான். 1988 வாக்கில் இந்தியாவுக்குள் வந்த புண் நோய் இருக்கிறதே, அது சாப்ரோலெக்னியாவின் பங்காளி. வெளியே பஞ்சாகப் பூக்காமல் சதைக்குள் துளைத்துப் போகும். மழைக்குப் பிந்திய குளிரில் வரும். ஜிலேபி அதைத் தாங்கும், விரால் தாங்காது. என் விரால்கள் தை பிறப்பதற்குள் முடிந்தன.

நோய் வந்த பிறகு டப்பைத் தேடி ஓடாதே, கண்ணு. இந்த ஞாயிறே ஒரு 50 லிட்டர் டப், ஒரு ஏர் பம்பு, இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கி மாடியில் வைத்துவிடு.