கொள்முதல் செய்பவனின் கேள்விகள்

வியாபார நண்பர்களே, அரியாலைத் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். சித்திரக்கதை வரைவோரைப் பேட்டி கண்டு பொட்காஸ்ட் செய்யப்போகிறாராம். கைப்பேசியில் கேட்கும் ஒலி நிகழ்ச்சிதான்.

"நானா, மைக் வாங்க முப்பதினாயிரம் கைமாற்று வேணும்."

"முதல்ல கேள்வியளைக் காட்டும் தம்பி" என்றேன். எல்லாம் 'உங்களுக்குப் பிடித்த ஓவியர் யார்' என்ற வகை. இதற்கு மைக் எதற்கு?

நாம் சரக்கு எடுக்கும்போது என்ன கேட்போம்? எங்கே செய்தது, எவ்வளவு சேதாரம், ஏன் இந்த விலை? ஓவியரிடமும் அதையே கேட்கவேண்டும். கதை முதலில் வந்ததா, முகம் முதலில் வந்ததா? எத்தனை தாள் கிழித்தீர்கள்? அச்சுக்கூலி யார் கொடுத்தது?

1963இல் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கிய சுந்தர், சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் வரைந்தவர். சஞ்சிகையைக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே கொண்டுவந்தார். 1996இல் காலமானார். போட்ட முதல் எப்படித் திரும்பியது என்று இனி அவரிடம் கேட்க முடியாது. அக்காலத்தில் அச்சுக் கோத்தவர்களும் சஞ்சிகை விற்ற கடைக்காரர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

தம்பிக்கு ஐயாயிரம் கொடுத்தேன், மைக்குக்கு அல்ல, பஸ் செலவுக்கு.